புகைக்குழாயில் ஒரு வெள்ளைத் துணி
பணிமனையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே காலை வெயில் எண்ணெய்த் தரையில் வட்ட வட்டமாய் விழுகிறது. எல்லோரும் 'லேப் மேடம்' என்று கூப்பிடும் பெண், பேருந்தின் பின்னால் குந்தி, புகைக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டுகிறாள். நேற்று வெறும் டீசலுக்குக் கட்டிய துணி, கன்னங்கரேலென்று சுவரில் தொங்குகிறது. இன்று டீசலோடு, சமைத்து மிஞ்சிய எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்திருக்கிறாள். அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் நன்றாக எரியும், கரி குறையும் என்பது அவள் வாதம். குறையாவிட்டால் சோதனையை நிறுத்திவிடுவதாக, அருகில் நிற்கும் பணிமனை மேலாளர் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவர். "மிதிங்க!" என்று கத்துகிறாள். என்ஜின் உறுமுகிறது, கண்ணாடிகள் கடகடக்கின்றன, துணி உப்பித் துடிக்கிறது. "ஓட்டிப் பாத்தேன், மேடு ஏறும்போது இழுவை கொஞ்சம் கம்மிதான், சொல்லிட்டேன்," என்று கணவர் தலையை நீட்டுகிறார். "தெரியும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் புகையும் கொஞ்சம் கூடுது. ரெண்டையும் நான் சரி பண்றேன்," என்கிறாள், குரலில் பிசிறே இல்லாமல். துணியை அவிழ்த்து வெயிலில் பிடிக்கிறாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய வட்டம், அவ்வளவுதான். மேலாளர் விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோகிறார். "பொரிச்ச எண்ணெய் வாசனை வருதேம்மா." "பசிக்குதா சார்?" என்று வண்டிக்குள்ளிருந்து கணவர் சிரிக்கிறார். மேலாளர் சிரிக்கவில்லை. வரிசையாக நிற்கும் வண்டிகளில் முதல் இரண்டைக் காட்டி, "அந்த ரெண்டுக்கும் இதையே ஊத்து," என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் எரிபொருள் கேனைத் தூக்கிவிடுகிறாள்.