பக்கத்துக் கட்டில் ஊசி

பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி வந்தது. அந்தோணிசாமிக்கு இன்றைக்கும் தழை மருந்துதான்.

சவுரியம்மாளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நோவு. வானூர்ப் பக்கம் ரோடு வேலையில் கடப்பாரை பட்டு அவள் புருஷன் அந்தோணிசாமிக்குக் கால் சீழ் பிடித்திருந்தது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டி காலில் ஏறியதில் பண்ணைக்காரர் தாண்டவராயனின் மாப்பிள்ளைக்கும் அதே கதி. திண்டிவனம் தரும ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில்.

பென்சிலின் என்றாலே ஜனங்கள் கும்பிட்ட காலம் அது. வந்த புதிதில் இரண்டு பேருக்கும் அதைத்தான் போட்டார்கள். அப்புறம் அந்தோணிசாமிக்கு மட்டும் நிறுத்திவிட்டார் டாக்டர் சக்கரபாணி. குப்பைமேனியிலிருந்து எடுத்த மருந்தாம், பச்சையாக ஒரு களிம்பைத் தடவிக் கட்டச் சொன்னார். புண் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்சு லூர்துமேரி முன்பே சொல்லியிருந்தாள்.

புருஷனைக் கேட்டால், டாக்டர் சொல்கிறபடி நட என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று காலை களிம்புக் கிண்ணத்தைப் பார்த்ததும் சவுரியம்மாள் கட்டிலை மறித்து நின்றாள்.

"குப்பைமேனி எங்க சேரி வேலியிலயே மண்டிக் கெடக்குது டாக்டரய்யா. அத்தத் தடவிக்கினு போவவா ஆஸ்பத்திரிக்கு வந்தோம்? அவங்களுக்குப் போடுற ஊசிய இவருக்கும் போடுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

தாண்டவராயனுக்கே மனசு இளகிவிட்டது.

"பாவம், நம்ம மாப்பிள்ளைக்கு வச்சிருக்கிறதுல ஒண்ணை அவனுக்குப் போட்டுடுங்க டாக்டர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சவுரியம்மாள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அந்த ஊசியை இவருக்கு நான் போட மாட்டேன்" என்றார் டாக்டர்.

உடையவரே கொடுக்கச் சொன்ன பிறகும் இந்த மனுஷனுக்குக் கை வரவில்லையே! அவள் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். களிம்பு தரையெல்லாம் சிதறியது. புருஷனை விழுப்புரத்துக்கே கொண்டுபோய்க் காட்டிக்கொள்கிறேன் என்று கத்திவிட்டு வண்டி பிடிக்க ஓடினாள்.

வராந்தாவில் லூர்துமேரி எட்டி அவள் கையைப் பிடித்தாள். கட்டுப்போடும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். மூலையில் ஒரு பேசினில், அவிழ்த்துப் போட்ட கட்டுத்துணி கிடந்தது. துணியெல்லாம் பச்சை.

"இது யாரோடது தெரியுமா? பண்ணைக்காரர் மாப்பிள்ளையோடது."

சவுரியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நர்சு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இரண்டு பேர் சீழையும் சோதித்தாகிவிட்டது. அந்தக் கிருமிக்குப் பென்சிலின் பழகிப்போய்விட்டது. எத்தனை போட்டாலும் சாகாது. இந்தக் களிம்புக்குத்தான் அடங்குகிறது. ஆனால் தழை மருந்து என்று தெரிந்தால் தாண்டவராயன் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அவர் கண்ணெதிரே ஊசி, இந்த அறைக்குள் களிம்பு. புண்ணைப் பார்க்கப் பயந்து மாப்பிள்ளை கண்ணைத் திறப்பதே இல்லை.

"ரெண்டு பேருக்கும் வீக்கம் வடியுது. கால எடுக்க வேண்டியிருக்காதுன்னு இன்னிக்குக் காலையிலதான் டாக்டர் சொன்னாரு. உன் வூட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். பக்கத்துக் கட்டில்ல காதுல விழுந்துடும்னுதான் வாயத் திறக்கல."

"அப்ப அந்த ஊசியில இன்னா இருக்குது?"

"உப்புத் தண்ணி."



"அத்த இவருக்கும் போட்டிருந்தா நான் வாய மூடிக்கினு இருந்திருப்பேனே, நர்சம்மா!"

"நானும் டாக்டர்கிட்ட அதத்தான் கேட்டேன். 'அந்தோணிசாமிகிட்ட உள்ளதைச் சொன்னேன், புரிஞ்சிக்கிட்டு சரின்னாரு. அவரை எதுக்கு நான் ஏமாத்தணும்'னுட்டாரு."