ஈயம் ஊற்றிய துவக்கு

“இந்தக் குழலுக்குள்ள ஈயத்த ஊத்தினது ஆரு?”

ஃபாஹிம் கேட்டதும் அபூசாலி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர் ஊற்றவில்லை.

முனவ்வரா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். “நான்தான்.”

ஃபாஹிம் புத்தளத்தில் பழைய சாமான் வாங்கி விற்பவர். நுரைச்சோலைக்கு அவர் பார்க்க வந்திருந்தது அபூசாலியின் பரம்பரைச் சொத்து. பார்த்தால் வெறும் கத்திதான். ஆனால் அலகின் முதுகோடு ஒட்டி துப்பாக்கி போல ஒரு சின்னத் துவக்குக் குழல் ஓடியது. பிடியில் விசையும் இருந்தது.

சற்று முன்புதான் ஃபாஹிம் அதை ஆசையோடு தூக்கிப் பிடித்து, அபூசாலியை அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைத்துச் சொல்லியிருந்தார்.

“வெள்ளைக்காரன் வேட்டைக்குக் கொண்டு போறது, நானா. ஒரு வெடிதான் வைக்கலாம். அது தப்பினா கத்தி. ரெண்டும் ஒண்டாச் செஞ்சத நான் படத்துலதான் கண்டிருக்கன். கொழும்புல இதுக்கு ஒரு ஓட்டோ வாங்குற காசு தருவாங்க.”

அபூசாலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டிப் பிழைக்க அவருக்கு வேண்டியதும் அந்த ஓட்டோதான். மகன் அர்கமைக் கடல் கொண்டு போன பிறகு அவர் தோணியில் ஏறவே இல்லை. கரையில் கூலி வேலை கிடைத்த நாளில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஃபாஹிம் ஓர் ஈர்க்கைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். அது பாதி வழியில் நின்றுவிட்டது.

“எதுக்கு ஊத்தின?” என்று கேட்டார் அபூசாலி.

“உப்புக் காத்துப் பட்டா உள்ளுக்குத் துரு பிடிச்சிரும் எண்டுதான். வலைக்குக் குண்டு வார்த்த ஈயம் மிச்சம் கிடந்திச்சு.”

“உருக்கி எடுக்கேலாதா, தம்பி?”

“நெருப்புல வெச்சா இரும்புட பழைய நிறம் போயிரும், நானா. வாங்குறவன் அந்தப் பழசுக்குத்தான் காசு தாறான். இனி இதுக்குக் கிடைக்கிறது ஓட்டோட டயருக்கும் காணாது.”

அபூசாலி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது.

“என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா? மூள எண்டு ஒண்டு இரிக்கா ஒனக்கு? மகனத் தின்ன கடலுக்கே என்னயும் தள்ளிட்டியே!”

முனவ்வரா சாய்ந்த கதிரையை நிமிர்த்தி வைத்தாள்.

“தோணிக்காரச் சம்மாட்டியாரிட்டப் போறன். நாளைக்கே தோணி ஏறுறன். உனக்குச் சந்தோசந்தானே?”

செருப்புக்கூடப் போடாமல் அவர் இறங்கிப் போனார்.

ஃபாஹிமுக்கும் எரிச்சல்தான். ஆயுசில் ஒரு தரம் கைக்கு வருகிற சாமான், இப்படிப் பாழாய்ப் போய்விட்டதே! கத்தியைத் துணியில் சுற்றி அவளிடமே நீட்டினார்.

“செய்ய முந்தி அவரிட்டக் கேட்டிருக்கலாமே, ராத்தா. பாவம், எவ்வளவு நம்பிக்கையா இருந்தார்.”

முனவ்வரா வாசலை எட்டிப் பார்த்தாள். புருஷன் பனைகளைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாள்.

“மகன்ட நாப்பதாம் நாள் கத்தம் ஓதி எல்லாரும் போன பொறகு, இவர் உள்ளறையில தனிய இருந்தார், தம்பி. எலுவன்குளத்துல ஆரிட்டயோ வெடிமருந்து வாங்கி வந்திருந்தார். அதப் பக்கத்துல வெச்சிக்கிட்டு, இந்தக் குழல நெஞ்சுக்கு நேராப் பிடிச்சிக்கிட்டு அழுதார். நான் கதவு இடுக்கால கண்டன். அடுத்த நாள் விடிய அவர் சுபஹு தொழப் பள்ளிக்குப் போன நேரம் ஈயத்த ஊத்தி, அலுமாரியில வெச்சிப் பூட்டிட்டன்.”

“இத அவரிட்டச் சொல்லியிருக்கலாமே, ராத்தா? இவ்வளவு ஏச்சுக் கேக்கணுமா?”

“நான் கண்டது தெரிஞ்சா, அந்த மனுசன் பொறகு என்ட முகத்தப் பாப்பாரா? ஏசட்டும், தம்பி. ஏசுறதுக்கு உசிரோட இருக்கார்தானே.”