இடது பின்கதவு

நகம் மாட்டவில்லை.

மறுபடி கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

"நகம் மாட்டலன்னா மேல்பூச்சுதான்மா. கையாலயே எடுத்துடலாம்" என்று நேற்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். பாலிஷ் பசையும் மெத்தென்ற துணி ஒன்றும் கொடுத்தார்.

மணி ஐந்தே முக்கால். அப்பார்ட்மெண்டில் இன்னும் தண்ணீர் மோட்டார்கூடப் போடவில்லை.

தூசியைக் கழுவினாள். துணியில் பட்டாணி அளவு பசை. சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தாள்.

கருநீலக் கார். மூன்றாம் மாடி வேதமுத்து சாருடையது. நேற்று மதியம் ஸ்கூட்டரைத் திருப்பும்போது பிரேக் பிடி உரசிவிட்டது.

நான்கு விரல் நீளம். ஒரே ஒரு கோடு.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் மூன்று மாடி ஏறினாள்.

குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். மணியை அழுத்தாமலே இறங்கிவிட்டாள்.

கோடு மங்கியது. பிறகு இல்லை.

ஆனால் அந்த இடம் மட்டும் பளபளத்தது. சுற்றிலும் வருஷக்கணக்கான மங்கல். கீறலைவிட அதுதான் கண்ணை உறுத்தியது.

கதவு முழுவதும் தேய்த்தாள். பிறகு முன்கதவையும். தோள்பட்டை கடுத்தது.

முடித்தபோது கதவில் அவள் முகம் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மணிக்கு அவர் இறங்கி வந்தார்.

முதல் மாடி பால்கனியில் அவள் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். கார் நேர் கீழே.

அவர் கதவைத் திறக்கவில்லை. பின்கதவின் முன்னால் குனிந்தார். விரலால் தடவினார். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போனார். திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

பைக்கில் அவர் மகன் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா, ராத்திரி போன் பண்ணி உடனே வாடான்னீங்க?"

"இங்கதான்டா இருந்துச்சு. கீறல். நேத்து சாயங்காலம் பாத்தேன். எங்க கொண்டுபோய் இடிச்சேன்னு ராத்திரி பூரா யோசிக்கிறேன், ஞாபகமே வரல. இப்ப பாத்தா கீறலையே காணோம்."

மகன் கதவைப் பார்த்தான். "ஒண்ணுமில்லயேப்பா. புதுசு மாதிரி இருக்கு."

"அதான் நானும் சொல்றேன்."

மகன் ஹெல்மெட்டைக் கழற்றினான். இப்போது அவன் கதவைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்ப்பா. போன மாசம் ரெண்டாவது மாடில போய் நம்ம வீடுன்னு பெல் அடிச்சீங்கள்ல?"

அவர் பாக்கெட்டில் கைவிட்டார். கார் சாவியை எடுத்து மகனின் கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க."

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். எப்படிப் படியிறங்கினாள் என்று தெரியவில்லை.

"சார், நான்தான்."

இருவரும் திரும்பினார்கள்.

"கீறல் இருந்துச்சு சார். என் ஸ்கூட்டர் பட்டுடுச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு. காலையில வந்து தேச்சு எடுத்துட்டேன்."

பசை காய்ந்த துணியை நீட்டினாள். கொடியில் போட்டிருந்ததை உருவிக்கொண்டு வந்திருந்தாள்.

மகன் துணியை முகர்ந்து பார்த்தான். "நிஜமாவாங்க?"

"நிஜமா."

வேதமுத்து சாரின் முகம் மெல்லத் தெளிந்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் சிரித்தார். ஒரு கையைக் கார்மேல் ஊன்றிக்கொண்டார்.

"பாத்தியாடா? இருந்துச்சுன்னு சொன்னேன்ல. ரெண்டு கோடு. ஒண்ணு நீளமா, ஒண்ணு அதுக்குக் கீழ. ஏம்மா, ரெண்டுதானே?"

அவள் கதவைப் பார்த்தாள்.

கதவு மின்னியது. மூன்று பேரும் அதில் தெரிந்தார்கள்.

இன்னொன்று இருந்ததா? அவள் பார்க்கவில்லை. தன் கோட்டை மட்டும்தான் பார்த்தாள். இருந்திருந்தால் மொத்தமாகத் தேய்த்தபோது போயிருக்கும். இல்லாமலும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அது யார் போட்டது?

மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவி அவன் விரல்களுக்குள் இருந்தது.

"ஆமா சார்" என்றாள். "ரெண்டுதான்."

சாவி கைமாறியது.

"மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். மீன் வந்திருக்கும்" என்றார் அவர். கதவைத் திறந்து, இளைஞனைப் போல உட்கார்ந்தார்.

கார் பின்னால் நகர்ந்தது. தூணை ஒட்டி வளைந்தது. தூணில் படவில்லை.

"நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றான் மகன். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

அவள் கேட்வரை நடந்தாள். வெளியே ஸ்கூல் வேன்கள் வர ஆரம்பித்திருந்தன.

கார் சாலை ஓரத்தில் நின்றது. இடது இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்தது.

வலது பக்கம் திரும்பிப் போனது.