எழுபது படிகள்

"இன்னிக்கும் முட்டி வலிக்குது சுமியே. நீ மட்டும் போய் எபிசு சாமிகிட்ட கேட்டுட்டு வா," என்று முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் தொகுஸோ.

சுமியே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுபது படிகளையும் ஏறி, உச்சியில் இருந்த சிவப்பு மரவாசல் பக்கம் போனாள்.

இருவரும் மலையூர்க்காரர்கள். மகன் ரியோஹெய் வேலை பார்த்த படகு கவிழ்ந்து, அவனைக் காணாமல் பத்து நாள் ஆகிறது. அன்றிலிருந்து இந்த மீன்பிடி ஊரில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் மீனவர்களின் தெய்வமான எபிசுவின் இந்தக் கோயில்.

கோயில் மணியை ஆட்டினால் கீழே படகுத்துறை வரை கேட்கும். மூன்று நாளாகக் கேட்கவில்லை. காற்று திசை மாறிவிட்டது போலிருக்கிறது என்று தொகுஸோ நினைத்துக்கொண்டார்.

விடுதிக்கார ஃபுமி எதிரே கணவாய் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"எழுபது படிக்கே முட்டி வலியா ஐயா? முந்தாநாள் துறைமுக ஆபீசுக்கு அந்த ஓட்டம் ஓடினீங்களே! பெத்தவங்க ரெண்டு பேரும் போய்க் கேட்டாதானே சாமி இரங்கும்? சாவுத் தீட்டு இருக்கிறவங்கதான் அம்பது நாளைக்கு அந்த வாசலைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

தொகுஸோ தலையைக் குனிந்துகொண்டார். ஃபுமியின் கையிலிருந்த கணவாய் நழுவி விழுந்தது.

"ஐயோ... எப்போ?"

"முந்தாநாள் விடியக்காலைல. போன் வந்துச்சு, போய்ப் பார்த்தேன். அவனேதான்."

"அம்மாவுக்கு...?"

"எப்படிம்மா சொல்வேன்? போன வருஷம்தான் நெஞ்சுல ஆபரேஷன். தாங்க மாட்டா. நாளைக்குத் தகனம், இன்னிக்குச் சொல்லியே ஆகணும். வாயைத் திறந்தா வார்த்தை வர மாட்டேங்குது."

அவ்வளவு பெரிய மனிதர் விசும்பி விசும்பி அழுதார். ஃபுமி உள்ளே போய் ஒரு கோப்பை டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தொகுஸோ அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுமியே மெல்ல இறங்கி வந்து, அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நல்லா வேண்டிக்கிட்டியா?" என்றார் அவர், சிரிக்க முயன்றபடி.

அவள் அவருடைய முட்டியைத் தடவிக் கொடுத்தாள்.

"மூணு நாளா நானும் அந்த வாசலைத் தாண்டலைங்க."