தொட்டிக்குப் பின்னால் ஒரு கோபுரக் கரை

காலை வெயில் ஜன்னல் வழியே, கடல்மீன் வளர்க்க வாங்கிய கண்ணாடித் தொட்டிக்குள் இறங்குகிறது. மணலும் கடல் உப்பும் போட்ட நாளிலிருந்து தண்ணீர் பால்போலக் கலங்கிக் கிடந்தது. "பாவு நூலுக்குப் போடுற கஞ்சி மாதிரி இருக்குது, கொட்டிடும்மா" என்று தறியில் உட்கார்ந்தபடியே மனைவியிடம் தினமும் சொன்னான் வீரபத்திரன். கலையரசி கொட்டவில்லை. தெளிந்தால் தெரியட்டும் என்று, அவன் நெய்த கோபுரக் கரைச் சேலைத் துண்டொன்றைத் தொட்டியின் பின்பக்கம் ஒட்டிவைத்து, தண்ணீரை வடிகட்டும் மோட்டாரின் முனகலோடு ஒன்பது நாள் பொறுத்திருந்தாள். இன்று வீரபத்திரன் தறியை விட்டு எழுந்து வந்து குனிகிறான். தெளிந்துவிட்ட தண்ணீரைத் தாண்டிச் சரிகை மின்னுகிறது. அவன் புருவம் சுருங்குகிறது. "இன்னாது, மூணாவது கோபுரத்துல ஒரு இழை விட்டுப்போயிருக்குது?" கலையரசி இடுப்பில் கைவைத்து நிமிர்கிறாள். "உங்க கைக்குத் தெரியாதது என் தண்ணியில தெரியுது, பாருங்க."