வலி இருக்கிறதா என்று கேட்டபோது

ஜோத்பூர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் அப்போது இருந்தவர்கள்: நான், என் தம்பி சவாய் சிங், அவன் மனைவி கேசர் கன்வர், சிறுநீரக டாக்டர் பண்டாரி. வேறு யாரும் இல்லை.

தம்பி கண்மூடிக் கிடந்தான். காலையில் ஒட்டகத் தொழுவத்தருகே விழுந்தவன். உதடுகூட வெளுத்துப் போயிருந்தது.

டாக்டர் திரையைக் காட்டினார். போன வாரம் அதிர்வலை கொடுத்து உடைத்த கல் பொடியாகியிருந்தது. ஆனால் சிறுநீரகத்தைச் சுற்றி ஏதோ திரண்டு, அதை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது.

"ரத்தம், தாக்கூர் சாப். சில பேருக்கு அதிர்வலைக்கு அப்புறம் உள்ளேயே கசியும். உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே. அன்னைக்குக் கேட்டேன், இல்லேன்னாரே!"

கல் உடைத்த மறுநாள் பரிசோதனைக்கு வந்த அன்றும் நான் உடனிருந்தேன். வலி இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் டாக்டர் கேட்டார். தம்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வாள்வெட்டுக்கே முனகாத வம்சம், சாப். கடுகத்தனை கல்லுக்கா அழப்போறோம்?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவன் முதுகில் ஓங்கித் தட்டினேன். அசையாமல் நின்றான்.

அப்போது பின்னால் நின்ற கேசரின் வளையல்கள் குலுங்கின. கணவனின் அண்ணன் முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வளையலைக் குலுக்குவார்கள், யாராவது போய்க் கேட்டுக்கொள்வார்கள். அதெல்லாம் வீட்டுக்குள். அந்நியர் முன்னால் அது முறையல்ல.

தொண்டையைச் செருமினேன். சத்தம் நின்றது.

இப்போது அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, முக்காட்டுக்குள்ளிருந்தே டாக்டரிடம் பேசினாள்.

"கல் உடைச்ச ராத்திரியெல்லாம் தலைப்பாகைத் துணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு."

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"பெரியவரு நின்னாரே."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. படுக்கையைத் தானே தள்ளிக்கொண்டு அறுவை அறைக்கு ஓடினார். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாலையில் உடலைக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கேசர் முக்காட்டை விலக்கி, என் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டாள் என்று ஊரில் பேசித் திரிகிறார்கள்.

பொய். அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.