ஆயுத பூஜைக்குக் கழற்றிய டிஸ்க்

கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் காலையில் செத்துப்போயிருந்தது. குருமூர்த்தி அசரவில்லை.

ஆத்தூரில் கல்யாண வீடியோ எடுப்பவர்களில் கொஞ்சம் விவரமானவன் என்று அவனுக்குப் பேர். உள்ளே ஒரு டிஸ்க், வெளியே ஒயரில் தொங்கும் டிஸ்க் ஒன்று. இரண்டையும் ஜோடி சேர்த்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதும்படி செய்து வைத்திருந்தான்.

“கவலைப்படாதீங்க தம்பி, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு” என்றான், எதிரே உட்கார்ந்திருந்த அன்பழகனிடம்.

அன்பழகன் தன் கல்யாண வீடியோவை வாங்க நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்தான். தை மாதம் நடந்த கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கெங்கவல்லி, பெயர் இலக்கியா.

குருமூர்த்தி வெளி டிஸ்க்கை மட்டும் வைத்துத் திறந்தான். ‘இலக்கியா’ என்ற ஃபோல்டர் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவன், பெருமையாகத் திரையை மாப்பிள்ளை பக்கம் திருப்பி ஓடவிட்டான்.

திரையில் இலக்கியா. பக்கத்தில் வேறொருவன்.

குருமூர்த்திக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. இது ஆவணியில் நடந்த நிச்சயதார்த்தம். ஐப்பசியில் அந்தச் சம்பந்தம் முறிந்ததும், பெண்ணின் அப்பா கண்ணுசாமி நேரில் வந்து, தன் கண்ணெதிரே அழிக்கச் சொல்லி, அழித்தது.

அழிந்தது உள் டிஸ்க்கில் மட்டும். இப்போதுதான் உறைத்தது. புரட்டாசியில் ஆயுத பூஜைக்கு வெளி டிஸ்க்கைக் கழற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். மறுநாள் மாட்டியதும் டிஸ்க்கின் விளக்கு எரிந்தது. எல்லாம் சரி என்று போய்விட்டான், மடையன். கழன்ற டிஸ்க் ஜோடியில் திரும்பச் சேரவே இல்லை. அதைச் சொல்ல வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் மூடியதும் அவனேதான். பூஜைக்குப் பிறகு எடுத்த எதுவும் இதில் இல்லை. தை மாதக் கல்யாணமும் இல்லை.

அதுகூடப் போகட்டும். வாழப்போன பெண்ணின் வாழ்க்கையில் அல்லவா மண்ணள்ளிப் போட்டுவிட்டான்! பதறிப்போய் நிறுத்தக் கை நீட்டினான். அன்பழகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நிச்சயம் நின்னது எனக்குத் தெரியுமுங்ணா. மாமனாரே சொல்லிட்டாருங்க.”

குருமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்பழகன் கையை விடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கல்யாண வீடியோ என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை.

“ஏனுங்ணா, அவ இப்படியெல்லாம் சிரிப்பாளுங்களா?”